இருளில் பழகும் கண்

முயற்சி நம்முடையது, அருள் இறைவனுடையது என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். சொல்வது எளிது. ஆனால் இவ்விரண்டிற்கும் இடையே உள்ள உறவு யாது? முயற்சிக்கு ஈடாக அருள் கிடைக்கிறது என்றால் அது கூலியாகிவிடும். அருள் என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. இரண்டிற்கும் தொடர்பே இல்லை என்றாலோ, வைகறையில் எழுந்து ஜபம் செய்வதும், விரதம் காப்பதும், புலன்களை அடக்கப் போராடுவதும் எதற்காக? சாதனைப் பாதையில் செல்லும் ஒவ்வொருவரும் என்றேனும் ஒருநாள் இந்த வினாவின் முன் நின்றே தீரவேண்டும்.

ஹைதராபாதில் சனத்நகரில் வாழும் தமிழ் இளைஞர் ஒருவர், சத்சங்கத்தில் இதே வினாவை வேறொரு வடிவில் எழுப்பினார். டிசம்பர் மாத இரவொன்றில் நண்பர்களுடன் அனந்தகிரி மலைக்குச் சென்று, விண்கல் பொழிவைக் கண்டு திரும்பியவர் அவர். சனத்நகரிலிருந்து மேற்கே செல்லும் இருப்புப்பாதையில் லிங்கம்பள்ளியைக் கடந்து சென்றால் விகாராபாத் வரும். அதை அடுத்துள்ள காடு சூழ்ந்த குன்றுத்தொடரே அனந்தகிரி. அனந்த பத்மநாப சுவாமி கோயில் கொண்டிருக்கும் தலம் அது. ஹைதராபாத் நகரின் நடுவே ஓடும் மூசி நதி பிறப்பதும் அங்கேதான். கம்பளியும் குடிநீரும் சுமந்துகொண்டு இருளில் மலையேறி, விடியும்வரை வெட்டவெளியில் படுத்திருந்துவிட்டு வீடு திரும்பிய பேரனிடம் பாட்டி கேட்டாராம்: "ஏன்டா கண்ணா, அது தானா விழறதுதானே? நம்ம மொட்டை மாடிக்கு மேல வானம் இல்லையா?"

"எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, ஐயா" என்றார் அந்த இளைஞர். "நாங்கள் ஏறியதால் ஒரு நட்சத்திரம்கூட அதிகமாக விழுந்திருக்காது. ஏறாமல் இருந்திருந்தால் ஒன்றுகூடக் குறைந்திருக்காது. அப்படியானால் நாங்கள் பட்ட பாட்டிற்கு என்ன பொருள்?"

பாட்டியின் கேள்வி ஆழமானது. அதை நாம் சற்றுப் பொறுமையாக ஆராய்வோம்.

நாள் தெரியும், கணம் தெரியாது

ஆண்டுதோறும் டிசம்பர் 13, 14 தேதிகளில், கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கும் தறுவாயில், மிதுன ராசியின் திசையிலிருந்து எரிநட்சத்திரங்கள் சிதறுவதுபோலத் தோன்றும். நாம் புனர்பூசம் என்று வழங்கும் இரட்டை விண்மீன்களுள் ஒன்றன் அருகே அவற்றின் மையம் அமைந்துள்ளது. உண்மையில் அவை நட்சத்திரங்கள் அல்ல. 1983-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட ஃபேத்தான் என்னும் சிறுகோள், தன் பாதையில் உதிர்த்துச் சென்ற துகள்களே அவை. பெரும்பாலானவை மணல் அளவும் சிறு கூழாங்கல் அளவும் கொண்டவை. பூமி ஆண்டிற்கு ஒருமுறை அந்தத் துகள் மண்டலத்தைக் கடக்கிறது. அப்போது விநாடிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுமண்டலத்தில் நுழையும் துகள், ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒளிவிட்டு எரிந்து மறைகிறது. ஒரு மணல்துகள் தன் நெடும்பயணத்தின் முடிவில் ஒரு கணம் வானையே கீறிவிட்டுப் போகிறது.

பொழிவின் நாளை முன்கூட்டியே கணித்துவிடலாம். ஆனால் அடுத்த எரிநட்சத்திரம் எந்தக் கணத்தில், வானின் எந்த மூலையில் தோன்றும் என்பதை எந்த அறிஞராலும் சொல்ல இயலாது. சில வேளைகளில் நாள்கணிப்பேகூடப் பொய்த்துவிடும். சிம்ம ராசியிலிருந்து தோன்றும் லியோனிட்ஸ் பொழிவு 1833 நவம்பரில் அமெரிக்காவில் பெருமழையாகப் பொழிந்தது. 1866-இல் மீண்டும் பொழிந்தது. சுமார் 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது வரும் என்று கணக்கிட்ட உலகம், 1899-இல் பேராவலுடன் காத்திருந்தது. எதிர்பார்த்த பெருமழை வரவில்லை. பெருங்கோள்களின் ஈர்ப்பு, துகள்களின் பாதையைச் சற்றே விலக்கிவிட்டது. பிறகு 1966-இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கில் அது மீண்டும் பொழிந்தது. 1899-இல் விழித்திருந்தவர்களிடம் எந்தக் குறையும் இல்லை. 1966-இல் விழித்திருந்தவர்களுக்குத் தனித் தகுதி ஏதும் இல்லை.

ஆகவே முதல் உண்மை இது: மலையேறுதல் எரிநட்சத்திரத்தை வரவழைப்பதில்லை. இளைஞர் சொன்னது முற்றிலும் சரி. நம் ஜபமாலையின் மணிகளும் இறைவனை இழுத்துவரும் கயிறு அல்ல.

கண்ணில் நிகழ்வது

பாட்டி சொன்னதும் சரியே. சனத்நகர் மொட்டை மாடிக்கு மேலும் வானம் உண்டு. அனந்தகிரிக்கு மேல் விழுவதுபோலவே அங்கேயும் எரிநட்சத்திரங்கள் விழுகின்றன. தொழிற்பேட்டையின் விளக்குகளும், மேம்பாலத்தின் விளக்குகளும், கடைகளின் பலகை விளக்குகளும் சேர்ந்து வானத்தை வெளுக்கச் செய்துவிடுவதால், மிகப் பிரகாசமான சிலவற்றைத் தவிர மற்றவை புலப்படுவதில்லை. பகலில் விண்மீன்கள் தெரிவதில்லை என்பதற்காக அவை இல்லை என்று சொல்லலாமா என்று பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் கேட்டதை அன்பர்கள் அறிவர். நம் காலத்தில் இரவிலும் நமக்கு அதே நிலை வந்துவிட்டது. மறைப்பது இருள் அன்று. நாமே ஏற்றிவைத்த ஒளி.

மலைக்குச் சென்றவுடன் எல்லாம் தெரிந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. வெளிச்சத்திலிருந்து இருளுக்கு வந்தவரின் கண்பாவை சில விநாடிகளில் விரிந்துவிடும். ஆனால் மங்கிய ஒளியை உணரும் நுண்செல்களில் அதற்குரிய நிறமிப் பொருள் மீண்டும் ஊறி நிறைவதற்கு இருபது, முப்பது நிமிடங்கள், சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகும். அந்த நேரத்தில் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, இருளில் இருப்பதைத் தவிர. இடையில் யாரேனும் கைப்பேசியை எடுத்து ஒரு கணம் பார்த்தால் போதும். பழகிய பார்வை பெருமளவு கலைந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

இன்னொரு செய்தியும் உண்டு. விழித்திரையின் நடுமையத்தில் அந்த நுண்செல்கள் இல்லை. அதனால் மிக மங்கிய விண்மீனை நேராக உற்றுப் பார்த்தால் அது மறைந்துவிடும். பார்வையைச் சற்றே விலக்கினால் தென்படும். பற்றிக்கொள்ள முனையும் கண்ணுக்கு நழுவிப்போவது, தளர்ந்து விரிந்திருக்கும் கண்ணுக்குக் கிட்டுகிறது. தியானத்தில் அமர்ந்து அனுபவத்தைத் துரத்திப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இங்கே நம் வினாவிற்கு விடை தென்படுகிறது. முயற்சி எரிநட்சத்திரத்தை உண்டாக்குவதில்லை, கண்ணை உண்டாக்குகிறது. கடோபநிஷதம் இதனை அடுத்தடுத்த இரண்டு மந்திரங்களில் உணர்த்துகிறது. சொல்வன்மையாலோ, அறிவுக்கூர்மையாலோ, மிகுந்த கேள்வியாலோ ஆன்மா அடையப்படுவதில்லை, அது யாரைத் தேர்ந்தெடுக்கிறதோ அவராலேயே அடையப்படுகிறது என்கிறது முதல் மந்திரம். அத்துடன் நின்றிருந்தால் நாம் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்துவிடலாம். ஆனால் தீயொழுக்கத்திலிருந்து விலகாதவன், அமைதியற்றவன், மனம் ஒருமுகப்படாதவன் அதனை அடைவதில்லை என்று அடுத்த மந்திரமே எச்சரிக்கிறது. முதலாவது, பலனை உரிமையாகக் கோரும் அகந்தையை வெட்டுகிறது. இரண்டாவது, அருளின் பெயரால் வளரும் சோம்பலை வெட்டுகிறது. இரண்டையும் சேர்த்தே நாம் கற்க வேண்டும்.

பேகம்பேட்டையிலிருந்து காவலூர் வரை

இந்த உண்மையை ஒரு வாழ்க்கையாகவே காணலாம். அதன் தொடக்கம் சனத்நகருக்கு அருகிலேயே உள்ளது. வானியலில் பேரார்வம் கொண்ட நவாப் ஜாபர் ஜங் என்ற பிரபு 1901-இல் தொடங்கிய நிஜாமியா வானாய்வகம், பின்னர் நிஜாம் அரசின் பொறுப்பிற்கு வந்து பேகம்பேட்டையில் இயங்கியது. உலகின் பல வானாய்வகங்கள் வானத்தைப் பகுதி பகுதியாகப் பங்கிட்டுக்கொண்டு விண்மீன்களின் இருப்பிடங்களை அளந்த பெரும்பணியில் அதுவும் பங்கேற்றது. 7 லட்சத்திற்கும் மேற்பட்ட விண்மீன்கள் அங்கே அளந்து பட்டியலிடப்பட்டன. நகரம் வளர்ந்தது, விளக்குகள் பெருகின. உஸ்மானியா பல்கலைக்கழகம் தன் 48 அங்குலத் தொலைநோக்கியை நகருக்கு வெளியே வெகுதொலைவில், ஜபால்-ரங்காபூரில் நிறுவ வேண்டியதாயிற்று.

அந்த நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவரின் மகனாக ஹைதராபாதில் வளர்ந்தவர் வேணு பாப்பு. 1927-இல் பிறந்த அவர், ஹைதராபாத் அரசின் உதவித்தொகையுடன் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்றார். 1949-இல் புதிய வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தார். தோழர் இருவரின் பெயர்களுடன் அவர் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டது. வெளிநாட்டிலேயே தங்கிவிடாமல் தாயகம் திரும்பிய அவர், 1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். தென்வானத்தை நன்கு காண்பதற்கு ஏற்ற இருண்ட இடம் ஒன்றைத் தேடி, தமிழகத்தின் ஜவ்வாது மலையில், வாணியம்பாடியை அடுத்த காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-இல் அக்காட்டின் நடுவே சிறிய தொலைநோக்கி ஒன்றுடன் பணி தொடங்கியது.

1977 மார்ச் 10, 11 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவில், யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கும் நிகழ்வைப் பதிவு செய்யக் காவலூரில் காத்திருந்தார்கள். எதிர்பாராத நேரத்தில் அந்த விண்மீனின் ஒளி சில விநாடிகள் குறைந்து மீண்டது. விமானத்தில் பறந்தபடி அதே நிகழ்வைக் கவனித்த அமெரிக்கக் குழுவினரும் இத்தகைய மங்கல்களைக் கண்டனர். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது இவ்வாறுதான் உலகிற்குத் தெரியவந்தது. காவலூரில் இருந்தவர்கள் வளையத்தைத் தேடிச் செல்லவில்லை, வேறொன்றிற்காக விழித்திருந்தார்கள். விழித்திருந்ததால், அழையாமல் வந்தது அவர்கள் கருவியில் பதிந்தது.

வேணு பாப்புவின் பெருங்கனவு, 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி ஒன்றை இந்தியாவிலேயே உருவாக்குவது. அதற்காக அவர் பல ஆண்டுகள் உழைத்தார். அது நிறைவுறும் முன்பே, 1982 ஆகஸ்டில், தம் 55-ஆம் வயதில் காலமானார். 1986 ஜனவரியில் அந்தத் தொலைநோக்கி அவர் பெயராலேயே நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் வழியே அவர் ஒருநாளும் வானத்தைப் பார்க்கவில்லை. எனினும் அவர் தேர்ந்த மலையில், அவர் விரும்பிய கருவியின் வழியே, தலைமுறை தலைமுறையாகப் பிறர் பார்த்து வருகிறார்கள்.

அவருடைய முயற்சி வீணா? பலனைக் கூலியாக எண்ணுபவர் ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். கீதை கற்பிக்கும் கர்மயோகத்தில் ஒரு சிறிதேனும் சுவை கண்டவர் அவ்வாறு சொல்லமாட்டார். கண்ணைத் திறந்துவைப்பது நம் பணி. அது யாருடைய கண்ணாக இருக்கும் என்பதைக்கூட நாம் வரையறுக்க இயலாது.

அச்சமும் ஆசையும்

மலைமேல் படுத்திருப்பவரின் மனத்தில் வேறொரு சோதனையும் உண்டு. எரிநட்சத்திரம் விழுவதைத் தீக்குறியாகக் கருதுவது நம் முன்னோர் வழக்கம். புறநானூற்றின் 229-ஆம் பாடலில் கூடலூர்கிழார், வானிலிருந்து ஒரு மீன் விழக் கண்டு தம் சேர மன்னனுக்கு என்ன நேருமோ என்று அஞ்சியதையும், ஏழாம் நாளில் அவன் இறந்ததையும் பாடியுள்ளார். ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தத் துயரம் நம் நெஞ்சைத் தொடுகிறது. அவர் அஞ்சியது தமக்காக அன்று, தாம் நேசித்த ஒருவனுக்காக.

இக்காலத்தில் வழக்கம் மாறிவிட்டது. எரிநட்சத்திரத்தைக் கண்டால் மனத்தில் ஒன்றை வேண்டிக்கொள்ளலாம் என்பது மேனாட்டிலிருந்து வந்த நம்பிக்கை. முன்பு அச்சம், இப்போது ஆசை. இரண்டிலும் ஒளி தன்னளவில் காணப்படவில்லை. நம் வாழ்க்கைக்கு அது என்ன செய்யும் என்ற கணக்கே முன்னிற்கிறது. ஒருவர் "அதோ!" என்று கை நீட்டுகிறார், மற்றவர் திரும்புவதற்குள் அது மறைந்துவிடுகிறது. கண்டவருக்குப் பெருமிதம், காணாதவருக்கு ஏக்கம். யார் எத்தனை கண்டார் என்ற எண்ணிக்கை தொடங்கிவிடுகிறது. மலை உச்சியிலும் நாம் சந்தையைத் திறந்துவிடுகிறோம்.

இரவு மூன்று மணிக்கு மேல் பேச்சு அடங்கிய பிறகு, வேறொரு நிலை சிலருக்குச் சற்று நேரமேனும் வாய்க்கிறது. வருவது வரட்டும், வராதது வராமல் போகட்டும் என்று மனம் தளர்ந்து விரிகிறது. அப்போது கண்டதும் இனிக்கிறது. இடையே நீண்ட நேரம் ஒன்றும் தோன்றாத கருவானமும் இனிக்கிறது. வேதாந்தம் சாட்சி பாவம் என்று கூறும் நிலையின் சிறிய நிழல் அது. ஒன்றும் நிகழாத நேரம் வீணான நேரம் என்ற எண்ணம் அகன்றால், ஜபத்தில் வரும் வறட்சிக் காலங்களையும் நாம் பொறுமையுடன் கடப்போம்.

ஏற இயலாதவர்கள்

இனி, நாம் தவிர்க்கக்கூடாத வினா ஒன்று எஞ்சியுள்ளது. மலையேற எல்லோராலும் இயலுமா? அதே டிசம்பர் இரவில் சனத்நகரில் விழித்திருப்பவர்கள் எத்தனை பேர்! ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர், நோயாளியின் படுக்கை அருகே தரையில் அமர்ந்திருக்கும் மனைவி, தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் நிற்கும் தொழிலாளி, அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலில் குளிரில் சுருண்டிருக்கும் காவலாளி. இவர்களுக்கு அந்த இரவில் எரிநட்சத்திரம் உண்டா?

அவர்களும் ஒருவகையில் கண்டார்கள் என்று சொல்லி நாம் நம்மைத் தேற்றிக்கொள்ளலாம். அது உண்மையாகாது. அவர்கள் காணவில்லை. விடுமுறையும், உடல் நலமும், செலவுக்குப் பணமும் உள்ளவர்களே மலைக்குச் செல்ல முடிகிறது. ஆன்மிக வாழ்க்கையிலும் தனிமையும் ஓய்வும் எல்லோருக்கும் சமமாக வாய்ப்பதில்லை. இதை மறைப்பதால் பயனில்லை.

ஆனால் மலை எதைக் கற்பிக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம். தன் வசதியை விடுதல், தூக்கத்தை விடுதல், தன் ஒளியை அணைத்தல், தன் விருப்பத்திற்கு உட்படாத ஒன்றிற்காக விழிப்புடன் காத்திருத்தல். நோயாளியின் மூச்சைக் கவனித்தபடி இரவு முழுவதும் அமர்ந்திருக்கும் அந்த மனைவி, இவற்றுள் எதைச் செய்யவில்லை? விரும்பி மேற்கொண்ட பயிற்சியில் நாம் ஓரிரவில் எழுத்தறிவு பெறுகிறோம். அவர் அன்பின் கட்டாயத்தால் பல இரவுகள் அதே பாடத்தைப் பயில்கிறார். காட்சி அவருக்குக் கிடைக்கவில்லை. கண் கிடைத்திருக்கக்கூடும். காட்சி ஒரு கணத்தில் மறைவது, கண் நிலைப்பது.

1897 ஜனவரியில் தாயகம் திரும்பிய சுவாமி விவேகானந்தர் இராமேசுவரம் கோயிலில் பேசியபோது, ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பதே மெய்யான வழிபாடு என்று வலியுறுத்தினார். மலையிலிருந்து இறங்கி வருபவருக்கும், தியான அறையிலிருந்து எழுந்து வருபவருக்கும் உரைகல் அதுவே. நூறு எரிநட்சத்திரங்களைக் கண்டு வந்தவர், விடியற்காலையில் தமக்குக் கதவைத் திறந்துவிடும் காவலாளியின் முகத்தை ஏறிட்டும் பாராமல் படியேறினால், அவருடைய கண் இன்னும் இருளில் பழகவில்லை என்றே பொருள். அந்த மனிதரும் இரவெல்லாம் விழித்திருந்தவர்தாம் என்று ஒரு கணம் உணர்ந்து, நின்று, ஒரு சொல் பேசினால், மலை அவருக்குத் தன் பலனை அளித்துவிட்டது.

நாம் செய்யக்கூடியது

அன்பர்களே, வாய்ப்புள்ளவர்கள் ஒருமுறையேனும் இருண்ட வானத்தின்கீழ் ஓர் இரவைக் கழியுங்கள். வனத்துறையின் விதிகளுக்கு உட்பட்டு, வழி அறிந்தவர்களுடன் செல்லுங்கள். குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். கைப்பேசியை அணைத்துவையுங்கள். முதல் அரைமணி நேரம் ஒன்றும் தெரியாது. அதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வாய்ப்பில்லாதவர்கள் வருந்த வேண்டாம். நாள்தோறும் அரைமணி நேரம் நம் விளக்குகளை அணைத்துவைக்க எந்த மலையும் தேவையில்லை. தொலைக்காட்சி, கைப்பேசி, ஓயாத பேச்சு, நம்மைப் பற்றிய இடைவிடாத எண்ணம் ஆகிய அனைத்தும் நாமே ஏற்றிய விளக்குகள். அவற்றை அணைத்துவிட்டு அமரும்போது முதலில் வெறும் இருள்தான் தெரியும். பலர் அந்த இடத்திலேயே எழுந்துவிடுகிறோம். கண் பழகும்வரை இருப்பதற்கு வேண்டிய பொறுமையே சிரத்தை.

பொழிவது பொழிந்துகொண்டுதான் இருக்கிறது. அதைப் பெருக்கவோ குறைக்கவோ நம்மால் ஆவதில்லை. விழித்திருக்கும் வலிமையை இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.